சேலைன் மார்பகப் பை பொருத்துவதும் அதற்கான சத்திரசிகிச்சை நிபுணரைத் தெரிவு செய்வதும்: விடயம் அறிந்தவர்களின் கருத்து தேவை

வாவிக்கரை (கல்லடி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் புற்றுநோய் காரணமாக எனது இடது மார்பகத்தை முழுமையாக அகற்றினார்கள். சிகிச்சைகள் முடிந்துவிட்டன, கிளினிக்குக்குத் தவறாமல் போய் வருகிறேன். பஞ்சு நிரப்பித் தைத்த சிறு பை ஒன்றை உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டுதான் சேலை உடுத்துப் பாடசாலைக்குப் போகிறேன். கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தும்போதெல்லாம் அது மேலே ஏறிவிடுகிறது. பிள்ளைகளின் பக்கம் திரும்புவதற்கு முன்னர் முந்தானையைச் சரிசெய்துகொள்வது எனக்குப் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. ஆனாலும் அந்த ஒவ்வொரு தடவையும் மனம் கூசுகிறது.

வெளிநாட்டுச் சிகிச்சைக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் முகவர் ஒருவர், அங்கே சேலைன் பை பொருத்தினால் பத்து நாட்களில் ஊர் திரும்பிவிடலாம் என்றும், அதில் சிலிக்கன் துளியும் இல்லை என்றும், வாழ்நாள் முழுவதற்கும் அது போதும் என்றும் கூறுகிறார். இவை உண்மைதானா? வாட்டில் கையில் ஏற்றும் அதே சேலைன்தானா அந்தப் பைக்குள் இருப்பது? அது உடைந்தால் என்ன ஆகும்? நல்ல நிபுணரை எதை வைத்து இனங்காண்பது? எனது கணவர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். அதனாலேயே விளங்கிக்கொண்டு முடிவெடுக்க விரும்புகிறேன்.

தியேட்டர் மிஸ்ஸி (மட்டக்களப்பு நகர்) எழுதியது:

தங்கச்சி, நான் சத்திரசிகிச்சைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி. முகவர் சொன்ன மூன்றில் இரண்டு உறுதியாகப் பிழை; பத்து நாள் கதையைப் பற்றியும் பின்னர் சொல்கிறேன்.

முதலில் பையைப் பற்றி. உள்ளே இருப்பது கிருமி நீக்கிய உப்புநீர்தான். வாட்டில் ஏற்றும் 0.9 சதவீதச் சேலைனை ஒத்தது. ஆனால் அந்த நீரைத் தாங்கி நிற்கும் உறை சிலிக்கன் இறப்பரால் ஆனது. ஆகவே ‘சிலிக்கன் துளியும் இல்லை’ என்பது சரியல்ல. சேலைன் பைக்கும், சிலிக்கன் ஜெல் நிரப்பிய ஜெல் பைக்கும் உள்ள வேறுபாடு உள்ளடக்கத்தில்தான் இருக்கிறது, உறையில் இல்லை. சேலைன் பையைப் பெரும்பாலும் வெறுமையாகச் சுருட்டி உள்ளே வைத்து, பிறகு ஒரு மெல்லிய குழாய் வழியாக நிரப்பி, குழாயை உருவியதும் வால்வு தானாக மூடிக்கொள்ளும்படி செய்வார்கள். அதனால் வெட்டுக் காயம் சிறிதாக இருக்கும். மறுபக்கத்தைப் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஒவ்வொரு பைக்கும் குறைந்தபட்ச, கூடியபட்ச நிரப்பு அளவுகளைத் தயாரிப்பாளர் குறித்திருப்பார். குறைவாக நிரப்பினால் உறை மடிந்து, ஒரே மடிப்பு நாளாந்தம் உராய்ந்து, அந்த இடத்தில் தேய்ந்து கசியக்கூடும். 300 மில்லிலீற்றர் நிரப்பிய பை ஏறத்தாழ 300 கிராம் எடை கொண்டது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோலும் தசையும் அந்தப் பாரத்தை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும்.

உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். சேலைன் பையின் நல்ல குணமும் கெட்ட குணமும் அங்கேதான் இருக்கின்றன. வெளியேறும் உப்புநீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும்; அதனால் நஞ்சேறுவதில்லை. ஆனால் சில மணித்தியாலங்களிலோ சில நாட்களிலோ மார்பு தட்டையாகிவிடும். ஜெல் பை உடைந்தால் பல வேளைகளில் வெளியே எதுவும் தெரியாது. அதனால்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஜெல் பை பொருத்தியவர்களுக்கு 5 முதல் 6 ஆண்டுகளில் முதலாவது ஸ்கேனும் அதன் பின்னர் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒரு தடவையும் பரிந்துரைக்கிறது. சேலைன் பையின் உடைவைக் கண்டறிய அப்படி ஸ்கேன் தேவையில்லை; கண்ணாடி முன் நின்றாலே தெரிந்துவிடும். வெறும் உறை உள்ளே கிடக்கும். அதை எடுக்க, அல்லது மாற்ற, மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டும்.

எந்தப் பையும் வாழ்நாளுக்குரியதல்ல. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு சேலைன் பைகளுக்கு அனுமதி வழங்கப்பட்டபோது சமர்ப்பிக்கப்பட்ட ஆய்வுகளில், மார்பகத்தை இழந்த பின்னர் மீளமைப்புக்காகப் பொருத்தியவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு முதல் 3 ஆண்டுகளுக்குள்ளேயே ஏதோ ஒரு காரணத்துக்காக மறுபடியும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருந்தது. உங்களை அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ‘ஒரு தடவை செய்தால் போதும்’ என்ற எண்ணத்துடன் மட்டும் தியேட்டருக்குள் போகக்கூடாது.

இன்னொன்று. மார்பகத் திசு முழுவதையும் எடுத்த இடத்தில் தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. மெல்லிய தோலுக்கு அடியில் சேலைன் பையின் அலை அலையான மடிப்புகள் வெளியே தெரியும், தொட்டாலும் தட்டுப்படும். தசைக்கு அடியில் வைத்தால் ஓரளவு மறையும். அத்துடன் தோல் இறுகியிருப்பதால் ஒரேயடியாகப் பை வைக்க இடம் போதாது. முதலில் ‘எக்ஸ்பாண்டர்’ என்ற தற்காலிகப் பையை வைத்து, கிழமைக் கணக்கில் சேலைனைச் சிறிது சிறிதாக ஏற்றித் தோலை விரித்த பின்னரே நிரந்தரப் பையை வைப்பார்கள். இதற்கு மாதங்கள் ஆகும். பத்து நாட்களில் இதை எப்படி முடிப்பார்கள் என்று அந்த முகவரிடம் கேளுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது. உங்களுக்குக் கரண்ட் பிடித்தார்களா, அதாவது கதிர்ச் சிகிச்சை தந்தார்களா? அதற்கான பதிலைப் பொறுத்து மற்ற எல்லாமே மாறும்.

தேனாட்டான் எழுதியது:

சகோதரி மன்னிக்க வேண்டும். எனது மூத்த சகோதரியை இதே நோய்க்கு இழந்தவன் நான். உயிர் தப்பியது பெரும் பேறு. நோயற்ற உடலில் மீண்டும் கத்தி வைப்பதை நினைக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் இருப்பதே போதும் அல்லவா?

வாவிக்கரை எழுதியது:

அண்ணா, உங்கள் வார்த்தைகளில் உள்ள அன்பு விளங்குகிறது. உங்கள் சகோதரிக்காக வருந்துகிறேன். பிள்ளைகளுக்கு நான் இருப்பது போதும்தான். ஆனால் குளித்துவிட்டு வரும்போது கண்ணாடியைத் தவிர்த்துக்கொண்டு இரண்டு வருடங்கள் வாழ்ந்துவிட்டேன். இது அழகுக்காக எழுந்த ஆசை அல்ல.

மிஸ்ஸி, ஆம், எனக்குக் கரண்ட் பிடித்தார்கள். ஐந்து கிழமைகள். அது முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. முகவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை.

தியேட்டர் மிஸ்ஸி எழுதியது:

அப்படியானால் எக்ஸ்பாண்டரையும் சேலைன் பையையும் மட்டும் நம்பித் திட்டமிடுவதில் நான் மிகவும் தயங்குவேன். பை உள்ளே போனதும் உடல் அதைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வை உருவாக்கும்; அது எல்லோருக்கும் நடப்பது. அந்தச் சவ்வு சிலருக்குத் தடித்துச் சுருங்கி, பையை நெரித்து, மார்பைக் கல்லைப் போல் இறுக்கி வலியை உண்டாக்கும். நிபுணர்கள் இதை பேக்கர் அளவுகோலில் ஒன்று முதல் நான்கு வரை தரப்படுத்துவார்கள். மூன்றும் நான்கும் பெரும்பாலும் சத்திரசிகிச்சையில்தான் முடியும். கதிர்ச் சிகிச்சை பெற்ற தோலில் இந்தச் சுருக்கமும், காயம் ஆறாமையும், கிருமித் தொற்றும் அதிகம். கதிர் பட்ட தோல் வெயிலில் காய்ந்த பன்பாயைப் போல வளைந்து கொடுக்காது. விரிக்கப் போனால் வெடிக்கும்.

அதற்காக வழி அடைபட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். முதுகுத் தசையின் ஒரு பகுதியைத் தோலுடன் முன்னுக்குக் கொண்டுவந்து, தேவையானால் அதற்கு அடியில் பை வைக்கும் முறை உண்டு. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை இணைத்து மார்பாக அமைக்கும் முறையும் உண்டு. அது நீண்ட நேரம் பிடிக்கும் பெரிய சத்திரசிகிச்சை, ஆனால் அதில் பையே இல்லை. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் உடலைத் தொட்டுப் பார்க்கும் நிபுணர் ஒருவரால் மட்டுமே சொல்ல முடியும். ஆகவே இனி உங்களுடைய கேள்வி எந்தப் பை என்பதைவிட, எந்தக் கை என்பதுதான்.

தேனாட்டான் தம்பி கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் விடுவதும் முழுமையான ஒரு தெரிவுதான். அப்படி முடிவெடுத்தால் பஞ்சுப் பையுடன் அல்லற்பட வேண்டியதில்லை. உள்ளாடையில் வைக்கும் சிலிக்கன் செயற்கை மார்பு எடையுடன் சரியாக அமரும், மேலே ஏறாது.

நீலாவணைப் பெண் எழுதியது:

இதுவரை நான் எங்கேயும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். 2013இல், எனது 29ஆவது வயதில், வெளிநாட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது, அங்கிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய், விளம்பரம் ஒன்றைப் பார்த்து, சேலைன் பைகள் பொருத்திக்கொண்டேன். நோய் எதுவும் இல்லை. எனது சொந்த விருப்பம். நிபுணரைச் சத்திரசிகிச்சை நாளன்று காலையில்தான் முதன்முதலாகக் கண்டேன். அதுவரை என்னோடு பேசியவர்கள் எல்லோரும் விற்பனைப் பெண்கள். ஏழு ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லை. ஊருக்குத் திரும்பி, திருமணம் முடித்து இருந்தேன்.

எட்டாவது ஆண்டில் ஒரு நாள் காலை எழுந்தபோது வலது பக்கம் ஒரு பிடி குறைந்திருந்தது. மூன்றாம் நாள் முழுவதும் வற்றிவிட்டது. அந்த நிலையத்துக்கு அழைத்தால் இலக்கம் பாவனையில் இல்லை. பையின் தயாரிப்பாளர் யார், எத்தனை மில்லிலீற்றர் நிரப்பினார்கள், உறை வழுவழுப்பானதா சொரசொரப்பானதா என்று இங்கே என்னைப் பார்த்த வைத்தியர் கேட்ட ஒரு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. அவர்கள் எனக்கு எந்த அட்டையும் தரவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. கணவரிடமும் மாமியாரிடமும் சொல்ல முடியாமல் இரண்டு கிழமைகள் துணி மடித்து வைத்துக்கொண்டு நடமாடினேன். இறுதியில் கொழும்புக்கு இரவுப் புகையிரதத்தில் போய், அங்கே ஒரு பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் இரண்டையும் அகற்றிக்கொண்டேன். அவர் என்னைக் குறை கூறவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை மறக்க மாட்டேன்.

அக்கா, பை ஒரு நாள் பழுதாகும். அந்த நாளில் நீங்கள் கல்லடியில் இருப்பீர்கள். அப்போது யாரை அழைப்பீர்கள் என்பதற்குப் பெயரும் இலக்கமும் உள்ள ஒரு பதில் இருந்தால் மட்டும் போங்கள்.

சம்மாந்துறை உம்மா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். மிஸ்ஸி ராத்தா, எனது மகளுக்கு 20 வயது. ஒரு பக்கம் நன்றாக வளர்ந்தும் மறுபக்கம் வளராமலும் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் போகவே தயங்குகிறாள். அவளுக்குச் சேலைன் பை பொருந்துமா?

தியேட்டர் மிஸ்ஸி எழுதியது:

வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. அமெரிக்க விதிகளின்படி அளவைக் கூட்டுவதற்காகச் சேலைன் பை 18 வயதிலிருந்தும் ஜெல் பை 22 வயதிலிருந்தும் அனுமதிக்கப்படுகிறது. இரண்டு பக்கமும் ஒத்துவராத பிள்ளைகளுக்குச் சேலைன் பையில் ஒரு வசதி உண்டு. தியேட்டரிலேயே அளவைச் சரிசெய்யலாம். ஆனாலும் அவசரப்படாதீர்கள். நிறை கூடிக் குறையும்போதும், பிள்ளை பெற்றுப் பாலூட்டும்போதும் அவளுடைய சொந்த மார்பு மாறும், பை மாறாது. இன்று சமமாக்கியது அன்று சமமாக இருக்காது. முலைக்காம்பைச் சுற்றி வெட்டும் முறை பால் நாளங்களைப் பாதிக்கக்கூடும் என்பதால் மார்பின் கீழ் மடிப்பில் வெட்டுவதைப் பற்றிக் கேளுங்கள். முக்கியமாக, வைத்தியரிடம் மகளைத் தனியாகப் பேசவிடுங்கள். பெரிய பக்கத்தைச் சிறிதாக்குவதும் ஒரு வழி. அதையே அவள் விரும்பவும் கூடும்.

நாவற்குடா வைத்தியர் எழுதியது:

நான் அரச வைத்தியசாலை ஒன்றில் மருத்துவ அதிகாரியாக இருக்கிறேன். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை எனது துறை அல்ல. நிபுணரைத் தெரிவு செய்வது பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இலங்கையில் வைத்தியராகப் பணிபுரிய இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்க வேண்டும். அது முதற்படி மட்டுமே. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் என்று ஒருவர் ஆவதற்கு, பொதுச் சத்திரசிகிச்சையில் பட்டப்பின் பட்டம் பெற்று, அதன் பின்னர் அந்தத் துறையிலேயே உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி பெற்று, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் நிபுணத்துவச் சான்றைப் பெற வேண்டும். தீக்காயம், பிளவுபட்ட உதடு, விபத்தில் சிதைந்த கை, மார்பக மீளமைப்பு ஆகிய எல்லாவற்றிலும் அவர்கள் தேர்ச்சி பெறுகிறார்கள். ‘அழகியல் வைத்தியர்’ என்ற பெயர்ப்பலகையும், சில நாள் பயிற்சிக்கான சட்டமிட்ட சான்றிதழும் இதற்கு ஈடாகா. எந்தத் துறையில், எந்த ஆண்டில், எங்கே நிபுணத்துவச் சான்று பெற்றீர்கள் என்று மரியாதையுடன் கேட்பதில் தவறில்லை. உண்மையான நிபுணர் அதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே உங்களுக்குத் தேவையான பதில்.

பிறகு இடம். தனியார் நிலையம் என்றால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது பதிவு செய்யப்பட்டதா, மயக்க மருந்து நிபுணர் யார், இரவில் இரத்தம் கசிந்தால் உடனே தியேட்டரைத் திறக்க முடியுமா என்று கேளுங்கள். நிபுணரிடம் கேட்க வேண்டியது வேறு. கதிர் பட்ட மார்பில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களுள் எத்தனை பேருக்கு மறுபடி திறக்க வேண்டியிருந்தது? ‘எனக்கு ஒருபோதும் சிக்கல் வந்ததில்லை’ என்று சொல்பவரைவிட, ‘இத்தனை பேருக்கு வந்தது, இப்படிச் சமாளித்தேன்’ என்று சொல்பவரை நான் நம்புவேன். நல்ல படங்களை மட்டும் காட்டாமல் சாதாரணமாக முடிந்தவற்றையும் காட்டச் சொல்லுங்கள்.

நீலாவணைச் சகோதரியிடம் உறை பற்றி அந்த வைத்தியர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. சொரசொரப்பான உறைகளுடன் தொடர்புடைய அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று உண்டு. அதனால்தான் 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை உறைகள் உலகெங்கும் மீளப் பெறப்பட்டன. அவற்றுள் சேலைன் பைகளும் அடங்கும், எக்ஸ்பாண்டர்களும் அடங்கும். ஆண்டுகள் கழித்துத் திடீரென ஒரு பக்கம் நீர்கோத்து வீங்கினால் அலட்சியப்படுத்தாமல் அந்த நீரைப் பரிசோதிக்க வேண்டும். 2010இல் பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத்துக்கு அனுமதிக்கப்படாத மலிவான சிலிக்கன் ஜெல்லைப் பைகளில் நிரப்பி விற்றது வெளிப்பட்டபோது, தங்களுக்குள் எந்த நிறுவனத்தின் பை இருக்கிறது என்று அறியாத பெண்கள் பல நாடுகளில் தவித்தார்கள். தயாரிப்பாளரின் பெயர், தொகுதி இலக்கம், அளவு, நிரப்பிய கொள்ளளவு ஆகியவை அடங்கிய அட்டையைக் கையில் வாங்காமல் வைத்தியசாலையை விட்டு வெளியேறாதீர்கள். அந்த அட்டையை இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை உங்கள் கிளினிக் கொப்பியில் ஒட்டிவிடுங்கள்.

எக்ஸ்பாண்டர் உள்ளே இருக்கும் காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே அறிவியுங்கள். பலவற்றின் நிரப்பு வாயிலில் காந்தம் இருக்கிறது. பை உள்ள பக்கத்தையோ மற்றப் பக்கத்தையோ மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கும்போதும் சொல்ல வேண்டும்.

தியேட்டர் மிஸ்ஸி எழுதியது:

வைத்தியர் எழுதியதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். தங்கச்சி, முதலில் மட்டக்களப்பில் உங்களைப் பார்த்துவரும் சத்திரசிகிச்சை நிபுணரிடமும் புற்றுநோய் நிபுணரிடமும் பேசுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் வேறு எங்கேயும் போகாதீர்கள். காயத்தைப் பார்ப்பதும், தையல் பிரிப்பதும், இரவில் காய்ச்சல் வந்தால் வாட்டில் அனுமதிப்பதும் அவர்களே. அவர்களுடைய கடிதத்துடன் கொழும்பில் அரச பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு ஒன்றுக்குப் போனால் நிபுணரின் சேவைக்குக் கட்டணம் இல்லை. பை தேவைப்பட்டால் அதை வைத்தியசாலை தருமா, நீங்கள் வாங்க வேண்டுமா என்பதை முன்னரே கேட்டுவையுங்கள். போகும்போது நோயியல் அறிக்கை, கதிர்ச் சிகிச்சை விபரம், சீனி வருத்தம் இருந்தால் அதன் அறிக்கைகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். வீட்டில் யாராவது புகைத்தால், உங்கள் அருகில் புகைப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புகை இரத்தக் குழாய்களைச் சுருக்கும், காயம் ஆறாது.

வாவிக்கரை எழுதியது:

ஆறு கிழமைகளுக்குப் பிறகு எழுதுகிறேன். இங்கே எழுதியவற்றை ஒரு கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் முகவரிடம் நீலாவணைத் தங்கச்சியின் கேள்வியைக் கேட்டேன்: “ஐந்து வருடத்தில் கல்லடியில் இருக்கும்போது பை வற்றினால் நான் யாரை அழைப்பது?” அவர், “அப்படி நடக்காது மிஸ்” என்றார். கதிர்ச் சிகிச்சை பெற்றதைச் சொன்னேன். அதற்கும், “அது பிரச்சினை இல்லை” என்றார். அத்துடன் அந்தப் பேச்சை முடித்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் நிபுணர் தந்த கடிதத்துடன் கொழும்புக்குப் போனேன். அங்கே பார்த்த பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், ஒரு தாதியை அருகில் வைத்துக்கொண்டு, தோலைக் கிள்ளியும் இழுத்தும் பார்த்தார். முதுகையும் வயிற்றையும் பார்த்தார். சேலைன் பையை மட்டும் வைப்பதைத் தாம் பரிந்துரைக்கவில்லை என்றும், எனது வயிற்றில் போதிய திசு இல்லாததால் முதுகுத் தசையைக் கொண்டுவந்து அதற்கு அடியில் ஒரு சிறிய பை வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் கூறினார். வலது பக்கத்துடன் முற்றாக ஒத்திருக்காது, சேலைக்குள் ஒத்திருக்கும் என்றார். எத்தனை பேருக்கு மறுபடி திறக்க வேண்டியிருந்தது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சிறிது யோசித்து, கடந்த ஆண்டு தாம் செய்தவர்களுள் இருவருக்கு என்றும், அவர்களுள் ஒருவருக்குப் பையை எடுத்துவிட நேர்ந்தது என்றும் சொன்னார்.

பை வற்றினால் யாரை அழைப்பது என்று முகவரிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டேன். தமது கிளினிக் நாட்களையும் வாட்டின் தொலைபேசி இலக்கத்தையும் எனது கொப்பியில் எழுதினார். காய்ச்சலோ சிவப்போ கண்டால் கொழும்புக்கு வரப் பார்க்காமல் முதலில் மட்டக்களப்பு வைத்தியசாலைக்குப் போங்கள், அங்கிருந்து என்னுடன் பேசுவார்கள் என்றார். முடிவெடுக்க அவசரமில்லை, அடுத்த பாடசாலை விடுமுறைக்கு முன்னர் கணவருடன் வாருங்கள் என்றும் சொன்னார். திகதி வைத்திருக்கிறேன்.

மிஸ்ஸி, முதுகுத் தசையை எடுத்தால் கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்துவது எத்தனை நாட்களில் முடியும்? அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

தியேட்டர் மிஸ்ஸி எழுதியது:

பாடசாலைக்குத் திரும்ப ஒன்றரை மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. கை முழுமையாக உயர்வதற்கு அதைவிடவும் காலம் எடுக்கலாம். எழுதும் கை வலதா, இடதா என்பதை அடுத்த தடவை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிசியோதெரபியை மட்டக்களப்பிலேயே செய்ய ஒழுங்கு செய்யலாமா என்றும் அன்றே கேட்டு, கடிதம் வாங்கி வாருங்கள்.